பனிநாட்டுச் சப்பாத்தும் வட்டவளை மழையும்

போன வருடம் ஜூலை மாதம். இலங்கை மலையகத்தின் வட்டவளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தங்கச்சியின் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஏறும் கல்படிகளில் பாதித் தூரம் போயிருப்பேன். வலது கால் சட்டென்று லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், சப்பாத்தின் அடிப்பாகம் மூன்று படிக்குக் கீழே தனியாகக் கிடக்கிறது. எடுத்து விரலால் அழுத்தினேன். காய்ந்த பாண் போல உதிர்ந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மீதிப் படிகளை நனைந்த காலுறையோடு ஏறினேன்.

பனி கொட்டும் நாடுகளுக்கென்று செய்த சப்பாத்து அது. நான் கந்தப்பளையில் மரக்கறி செய்கிறவன். ஜனவரி, பெப்ரவரி விடியலில் லீக்ஸ் பாத்தியில் துகள் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்ச இறங்கினால் கால்விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியாது. அதற்காகத்தான் நுவரெலியாவில் ஒரு கடையில் அதை வாங்கினேன். உள்ளே தடித்த கம்பளி, வெளியே தோல், நாக்குப் பகுதியில் நீர் புகாது என்ற உறுதிமொழி. யாரும் போட்டு நடந்த அடையாளமே இல்லை. புதிது என்று நம்பினேன்.

ஏன் உதிர்ந்தது என்பதைப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் இப்படி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். இந்த வகைச் சப்பாத்துகள் பலவற்றின் அடியைப் பொலியுரேத்தேன் என்ற நுரைப் பொருளில் வார்க்கிறார்கள். எடை குறைவு, மெத்தென்று இருக்கும், குளிரை மேலே விடாது. ஆனால் அதில் ஒரு வகைக்கு ஈரம்தான் எமன். காற்றில் இருக்கும் ஈரமே உள்ளே புகுந்து, அந்தப் பொருளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். நடந்தால்தான் கெடும் என்றில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் அறுந்துகொண்டே இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த களஞ்சியத்தில் இன்னும் வேகமாக அறும். ஆகவே நுரை அடி வைத்த சப்பாத்துக்கு வாங்கிய நாள் கணக்கில்லை, வார்த்த நாள்தான் கணக்கு. இப்போது கடையில் அப்படி ஒன்றைக் கண்டால் குதிப் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்க்கிறேன். அழுத்திய பள்ளம் உடனே மேலெழ வேண்டும். தழும்பு நின்றாலோ, தூள் உதிர்ந்தாலோ, கை பிசுபிசுத்தாலோ எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

உதிராமல் இருந்திருந்தாலும் வட்டவளைக்கு அது உதவியிருக்காது. உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே போகும் நாட்டில் தண்ணீர் நிலத்தில் தூளாகக் கிடக்கிறது, தட்டினால் போய்விடும். அங்கே சப்பாத்தின் முதல் வேலை காலின் சூட்டைக் காப்பது. உள்ளே இருக்கும் கம்பளி உறையை இரவில் கழற்றிச் சூடேற்றிய அறையில் வைத்தால் விடியும்போது காய்ந்திருக்கும். எங்கள் காம்பராவில், அதாவது லயத்து அறையில், சூடு என்றால் அடுப்படி மட்டும்தான். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்கினால் மே முதல் செப்டெம்பர் வரை கொடியில் போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கும். நுவரெலியாவில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றரை ஒட்டிய மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் 5,000 மில்லிமீற்றர் அளவுக்குப் போகிறது. இங்கே ஒரு முறை நனைந்த கம்பளி அந்த வாரம் முழுவதும் காயாது. கந்தப்பளையின் குளிரும் வட்டவளையின் ஈரமும் ஒரே மலையகம்தான், ஆனால் காலுக்கு அவை இரண்டு வேறு நாடுகள்.

நீராவியை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே விடாத சவ்வு வைத்த விலை கூடிய சப்பாத்துகளைப் பற்றியும் கேட்கிறார்கள். மலையேற வருகிறவர்களுக்கு அது சரி. நாள் முழுவதும் மழையில் நிற்கிறவர்களுக்குச் சரிவராது. மேல்தோல் ஊறிவிட்டால் வியர்வை வெளியேற வழி இல்லை. உள்ளிருக்கும் சவ்வில் ஒரு முள் குத்தினால் வெளியிலிருந்து அதை ஒட்டவும் முடியாது.

அன்று லயத்தை அடைந்ததும் முன்விறாந்தையான இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். தங்கச்சி சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் அவளுடைய பாதங்களைப் பார்த்தேன். விரலிடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தன. சேற்றுப்புண். தேயிலைக் கொழுந்து மலையில் காலையிலிருந்து மாலை வரை ஈரத்தில் நிற்கிற கால். அவளும் உயரமான மழைப் பூட்ஸான கம்பூட்ஸ்தான் போடுகிறாள், ஆனால் அது மச்சானுடையது. இரண்டு அளவு பெரிது. நுனியில் துணி அடைத்திருந்தாள். வலது பூட்ஸில் கணுக்கால் மடியும் இடத்தில் வெடிப்பு.

"வேறு வாங்கவில்லையா?" என்று கேட்டேன்.

"என் அளவுக்கு எங்கே இருக்கிறது, அண்ணா? கடைக்காரர் சின்னப் பிள்ளைகள் போடுவதை எடுத்துக் காட்டுகிறார்" என்றாள்.

அது உண்மைதானா என்று பார்க்க நானே ஹட்டனில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஆண்களுக்கு 6ஆம் அளவிலிருந்து தொடங்குகிறது. தங்கச்சிக்கு 4 வேண்டும். 4 என்றால் பொம்மைப் படம் போட்ட, அடி வழவழப்பான, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மழையில் குதித்து விளையாடுகிற பூட்ஸ்தான் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு செங்குத்தான மலையில் இறங்கினால் காலை உடைத்துக்கொள்ளலாம். இந்த மலைகளில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலைக்கு ஏற்ற பூட்ஸ் அவர்களுடைய அளவில் கிடைக்கவில்லை என்பதை நினைக்க எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. பெரிய பூட்ஸில் துணி அடைத்து நடப்பது சின்ன விஷயம் இல்லை. குதி உள்ளே மேலும் கீழும் அடிக்கும், தோல் உரியும், சேறு பிடித்து இழுக்கும்போது கால் மட்டும் வெளியே வந்துவிடும். மடிய வேண்டிய இடம் தள்ளிப் போவதால் பூட்ஸ் தப்பான இடத்தில் மடிந்து அங்கேயே வெடிக்கும். தங்கச்சியின் வெடிப்பு அப்படி வந்ததுதான்.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுப்படியில் இருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர். "பூட்ஸ் போட்டால் காலுக்கு மண் தெரியாது, தம்பி. கல் புரளுகிறதா, கான் ஓரம் இடிகிறதா என்பதைப் பெருவிரல்தான் முதலில் சொல்லும்" என்றார். பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. அடி தடித்து விறைத்த பூட்ஸ் உண்மையிலேயே மலைச்சரிவில் ஆபத்து. அதனால் பூட்ஸ் வாங்கும்போது இப்போது நான் முதலில் செய்வது, குதியையும் நுனியையும் பிடித்து வளைத்துப் பார்ப்பது. பாதத்தின் முன்பகுதி, விரல்கள் தொடங்கும் இடத்தில், இலகுவாக வளைய வேண்டும். நடுவில் வளையக் கூடாது. முள்ளுக் கருவியால் மண்ணைக் குத்திக் கிளறவோ, கான் என்னும் வடிகால் வெட்டவோ போகிறவர்கள் நடுப்பாதத்தால்தான் கருவியை மிதிப்பார்கள்; அங்கே விறைப்பு இல்லாவிட்டால் மாலையில் உள்ளங்கால் வலி எடுத்துவிடும்.

அடியில் உள்ள பள்ளங்கள் ஆழமாக இருந்தால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். எங்கள் மண்ணில் பள்ளத்தின் அகலமும் அதே அளவுக்கு முக்கியம். நெருக்கமான பள்ளத்தில் செம்மண் அப்பிக்கொண்டால் பத்து அடிக்குள் அடி தட்டையாகிவிடும், பிறகு சறுக்கல்தான். அகலமாக இருந்தால் அடுத்த அடி வைக்கும்போது மண் தானாக உதிரும். அளவு பார்ப்பதை மாலையில் செய்யுங்கள். நடந்து களைத்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பாதத்தை முன்னே தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது.

இனி இறப்பரா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வி. கடையில் எல்லாவற்றையும் கம்பூட்ஸ் என்றுதான் தருவார்கள். பீ.வீ.சீ. பூட்ஸ் அச்சில் ஊற்றி எடுத்தது. உடல் முழுவதும் ஒரே வார்ப்பு. இயற்கை இறப்பரில் செய்ததைப் பார்த்தால் துண்டு துண்டாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிய ஓரங்கள் தெரியும், உள்ளே துணி ஒட்டியிருக்கும். மேல்பகுதியை மடித்துப் பிடித்து விட்டால் இறப்பர் உடனே பழையபடி நிமிரும். பீ.வீ.சீ. மடிப்பை நினைவில் வைத்திருக்கும். குளிரில் அது விறைத்தும் போகும். கந்தப்பளையில் ஜனவரி காலை ஐந்து மணிக்கு என் பழைய பீ.வீ.சீ. பூட்ஸ் மரக்கட்டை போல இருக்கும். விலை குறைவு என்பதும் எண்ணெய்க்கு ஈடு கொடுக்கும் என்பதும் அதற்கு நல்ல பக்கம். ஆனால் வெடித்தால் ஒட்டுவது மிகவும் கஷ்டம். என் பணம் இறப்பருக்குத்தான் போகும்.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறைக்குச் சார்ல்ஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்த முறையை வைத்து ஹைரம் ஹட்சின்சன் 1853இல் பிரான்ஸில் இறப்பர் பூட்ஸ் செய்யத் தொடங்கினார். அதுவரை அந்த உயரப் பூட்ஸ் தோலில்தான் இருந்தது. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற படைவீரர்களுக்காக ஸ்கொட்லாந்தில் பத்து இலட்சம் சோடிக்கு மேல் செய்தார்கள். அந்த வீரர்களுக்குப் பாதம் அழுகியது உறைபனியால் மட்டுமல்ல. உறையாத குளிரில், ஈரத்தில், நாள்கணக்காக நின்றதாலும்தான். எங்கள் மலையின் ஜூன் மாதத்துக்கும் அது நன்றாகவே பொருந்தும். 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகள் அதே வருடம் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்று எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, அவிசாவளைப் பக்கங்களில் இறப்பர் பால் வெட்டுகிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். என் தாய்மாமன் அப்படி வெட்டியவர். மழை பெய்தால் மரம் நனைந்து பால் சிரட்டைக்குள் வராமல் பட்டை வழியே வழிந்துவிடும் என்பதால் அன்று வெட்டு இல்லை. கொழுந்துக்கு அந்தச் சலுகை கிடையாது; மழையிலும் பறிக்க வேண்டும். மலைக்குக் கீழே மாமன் வெட்டிய பால், மலைக்கு மேலே மருமகளின் காலைக் காக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதில் தவறில்லையே.

பயிருக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள். செருகினால் காற்சட்டையில் வழியும் மருந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கி நாள் முழுவதும் தோலில் ஊறும். தோல் சப்பாத்தோடு மருந்து அடிக்கவே கூடாது. தோல் உறிஞ்சியதைக் கழுவி எடுக்க முடியாது. அட்டைக்கு இதற்கு நேர்மாறு. அட்டை பூட்ஸின் மேல் ஏறி வாய்வழியாக உள்ளே இறங்கும். அதற்கு, நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த உறையைப் பூட்ஸுக்குள் போட்டு மேலே கட்டிக்கொள்வதுதான் வழி. உயரமான பூட்ஸ் அட்டையைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி ஒட்டும் வேலை. அன்று இரவே தங்கச்சியின் பூட்ஸை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பு மட்டும்தான் ஓட்டை என்று எண்ணக் கூடாது. வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கணுக்காலுக்கு மேல்வரை தண்ணீர் ஊற்றி, பழைய பத்திரிகைத் தாளின் மேல் அரை மணித்தியாலம் நிறுத்தினேன். தாள் எங்கே நனைகிறது, மேலே எங்கே துளி கட்டுகிறது என்று பார்த்துப் பேனாவால் வட்டம் போட்டேன். வெடிப்பைத் தவிர, சுண்டுவிரல் பக்கத்தில் ஊசிமுனை அளவு இன்னொரு ஓட்டையும் இருந்தது. இடது பூட்ஸில் ஒரு துளிகூட வரவில்லை. ஆனால் அதன் உள்ளேயும் ஈரம். அது மழை இல்லை, வியர்வை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல பூட்ஸைக் குப்பையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வைக்கு மருந்து, உள்ளே பாதத்துக்குக் கீழே இருக்கும் தகட்டை ஒவ்வொரு மாலையும் வெளியே எடுத்துக் காயவைப்பது.

டியூப் ஒட்டும் முறையை எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தவர் சைக்கிள் கடை ஐயா ஒருவர். சொலூஷன் என்ற இறப்பர்ப் பசையைத் தடவி உடனே ஒட்டுத்துண்டை வைக்கப் போவேன், கையைப் பிடித்துக்கொள்வார். "விரலில் ஒட்டக் கூடாது, தம்பி. ஒட்டினால் இன்னும் பொறுங்கள்" என்பார். பூட்ஸுக்கும் அதே முறைதான். ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, பளபளப்புப் போகும்வரை அரத்தாளால் தேய்க்க வேண்டும். அந்தத் தூளைத் துடைத்து எடுத்த பிறகு சொலூஷனை மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒட்டுத்துண்டுக்கு மூலை இருக்கக் கூடாது, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வெட்ட வேண்டும்; மூலைதான் முதலில் கிளம்பும். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, கரண்டியின் முதுகால் ஓரங்களை நன்றாகத் தேய்த்துவிட வேண்டும்.

கணுக்கால் மடிப்பில் வரும் வெடிப்புக்கு இது மட்டும் போதாது. பூட்ஸ் மடிந்து கிடக்கும்போது ஒட்டினால் நிமிரும்போது ஒட்டு இழுபட்டுக் கிளம்பிவிடும். பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே இறுக்கமாகத் திணித்து, கால் உள்ளே நிற்பதுபோல நிமிர்த்திய பிறகுதான் தொட வேண்டும். தடித்த துண்டு பலமாக இருக்கும் என்று நினைத்து லொறி டியூப்பை வெட்டி ஒட்டுகிறார்கள். தடித்த துண்டு மடியாது. அதன் ஓரத்தில் புதிய வெடிப்பு தொடங்கும். மெல்லிய துண்டை, ஓரங்களை அரத்தாளால் இன்னும் மெலிதாக்கி ஒட்டுவதே நல்லது. இரண்டு சொட்டில் ஒட்டிவிடும் உடனடிப் பசையைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். அது கண்ணாடி போல இறுகி, நாலு அடி நடந்ததும் நொறுங்கும்.

பீ.வீ.சீ. பூட்ஸில் இந்தச் சொலூஷன் நிற்காது. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கசிந்து ஒட்டை நெகிழ்த்திவிடும். தண்ணீர்க் குழாய்ப் பசை பிடிக்கும், ஆனால் விறைத்துப்போவதால் மடியும் இடத்தில் உடைந்துவிடும். நெகிழும் பீ.வீ.சீ.க்கென்றே விற்கும் பசை கிடைத்தால் மட்டும் முயற்சி செய்யலாம். சூடான கத்தியால் உருக்கி ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், மூடிய அறையில் செய்யவே கூடாது.

மேல்பாதி தோலும் கீழ்ப்பாதி இறப்பருமாக வரும் சப்பாத்துகளில் இரண்டும் சேரும் தையலைத்தான் பார்க்க வேண்டும். 1912இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் எல்.எல். பீன் என்பவர் அப்படிச் செய்து விற்ற முதல் 100 சோடியில் 90 திரும்பி வந்துவிட்டது, அந்தத் தையல் பிரிந்ததால். அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சரியாகச் செய்தார்.

பராமரிப்பில் அம்மாவோடு எனக்கு இரண்டு சண்டை. ஒன்று, அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிடுவது. சூடு பட்டால் தோல் சுருங்கி வெடிக்கும், இறப்பர் இறுகிப் பிளக்கும். உள்ளே பத்திரிகைத் தாளை அடைத்து, இரவில் ஒரு தடவை மாற்றி, காற்றோட்டமான இஸ்தோப்பில் குச்சியில் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும். மற்றது, தேங்காய் எண்ணெய். இறப்பர் பூட்ஸின் மேல் வெள்ளையாக மாவு பூத்ததுபோல வந்தால் பூஞ்சணம் என்று நினைத்து எண்ணெய் பூசுகிறார். அது பூஞ்சணம் இல்லை. காற்றும் வெயிலும் இறப்பரை வெடிக்க வைக்காமல் இருக்கத் தொழிற்சாலையில் சேர்க்கும் மெழுகுதான் மேலே வந்து காவல் நிற்கிறது. எண்ணெயும் மண்ணெண்ணெயும் இயற்கை இறப்பரை ஊதவைத்துப் பலமிழக்கச் செய்யும். பளபளப்பு நாலு நாள், பிறகு பூட்ஸே இல்லை. சொன்னேன். எண்ணெய்ப் போத்தல் இப்போது தலைக்கு மட்டும் என்று அம்மா ஒப்புக்கொண்டார்.

ஒட்டிய பூட்ஸை ஒரு நாள் முழுவதும் தொடாமல் வைக்க வேண்டும் என்று தங்கச்சியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "நாளைக்குப் பிரட்டுக்கு எப்படிப் போவது?" மறுநாள் செருப்போடு போனாள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டில் பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. மாலையில் பாதத்தைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். விரலிடுக்கு இன்னும் கொஞ்சம் வெடித்திருந்தது. அதற்கடுத்த நாள்தான் பூட்ஸ் போட்டாள். 4ஆம் அளவைப் பிறகு கண்டியில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை.

போன வாரம் தொலைபேசியில் பேசினாள். "அண்ணா, வலது கால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. இப்போது இடது பூட்ஸில் தண்ணீர் ஏறுகிறது. அதே மடிப்பில்தான்."

அரத்தாளும் சொலூஷன் டியூப்பும் பையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போகிறேன்.